ருத்வெல் ஊர்ப் போதகர் ஹென்றி டங்கன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் ஹென்றி டங்கனைப் பற்றிப் பேசப்போய், பிறகு பெண்கள் ஐக்கிய சங்கம், சுயஉதவிக் குழு, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் என்று பல இடங்களில் பேசும்படி ஆகிவிட்டது. எங்கே போனாலும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

யாருங்க இந்த ஹென்றி டங்கன்?

ஸ்காட்லாந்தின் தெற்குக் கோடியில், டம்ஃப்ரீஸ் நகரத்துக்கும் ஆனன் நகரத்துக்கும் நடுவே, சால்வே என்ற கடல் கழிமுகத்தை ஒட்டி ருத்வெல் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊரின் பிரஸ்பிட்டேரியன் போதகர் இவர். பிறந்தது 1774. ருத்வெல்லுக்கு வந்தது 1799. 1846இல் இறக்கும்வரை அந்த ஊர் மக்களை விட்டு வேறு எங்கும் ஊழியத்துக்குப் போகவில்லை.

உலகம் அவரை 1810இல் சேமிப்பு வங்கி தொடங்கியவர் என்றுதான் நினைவில் வைத்திருக்கிறது. வங்கித் துறையில் இருப்பவர்கள் அவரை வங்கியாளர் என்றே நினைக்கிறார்கள். எனக்கு அதில்தான் மனக்குறை. வங்கி, பத்திரிகை, பழைய சிலுவை, கடைசியில் வீட்டையும் சம்பளத்தையும் விட்டு வெளியேறியது எல்லாமே ஒரு கிராமத்துப் போதகர் தன் சபையின் வீடுகளுக்குள் போய் வந்ததிலிருந்து பிறந்தவை. அதைப் பிரித்துப் பார்த்தால் அந்த மனிதர் புரியமாட்டார்.

பிரஸ்பிட்டேரியன்னா என்ன? சி.எஸ்.ஐ. மாதிரியா, ஆர்.சி. மாதிரியா?

ஆர்.சி. இல்லை. சீர்திருத்தத்தில் பிரிந்த சபைகளில் ஒன்று. இதன் அடையாளம், பிஷப் கிடையாது என்பதுதான். ஒவ்வொரு ஊரிலும் போதகரும் மூப்பர்களும் சேர்ந்து உட்கார்ந்து சபையை நடத்துவார்கள். அந்தக் குழுவுக்கு கிர்க் செஷன் என்று பெயர். சுற்றுவட்டாரத்துச் சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் கூடுவது பிரஸ்பிட்டரி. அதற்கு மேலே அந்நாளில் சினாடு என்ற மன்றம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே எடின்பரோவில் ஆண்டுதோறும் மே மாதம் கூடும் பொதுப் பேரவை.

பேரவையின் தலைவருக்கு மாடரேட்டர் என்று பெயர். ஓர் ஆண்டுதான் பதவி. டங்கன் 1839இல் அந்தப் பொறுப்பில் இருந்தார். ஆண்டு முடிந்ததும் மறுபடியும் ஊர்ப் போதகர்தான், மற்றவர்களோடு சமம்தான். நம் சி.எஸ்.ஐ.யில் பேராயர்கள் இருக்கிறார்கள் என்றாலும், சினாடு, மாடரேட்டர் போன்ற சொற்களைக் கேட்டால் இந்த மரபின் வாசனை தெரியும். அது எப்படி வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஃபாதர் கல்யாணம் பண்ணக் கூடாதே, இவருக்கு எப்படி மனைவி?

ஃபாதர் இல்லை, போதகர். இந்த மரபில் போதகர்கள் கல்யாணம் செய்துகொள்வார்கள். டங்கனின் அப்பாவே லாக்ரட்டன் என்ற ஊரில் போதகராக இருந்தவர். டங்கன் பிறந்து வளர்ந்தது குருமனையில்தான், அதாவது போதகருக்கென்று சபை கொடுக்கும் வீட்டில். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அந்த வீட்டுக்கு வந்திருக்கிறார். சிறுவனாக டங்கன் அவரைப் பார்த்திருக்கிறார்.

1804இல் ஆக்னஸ் கிரெய்க் என்பவரை மணந்தார். ருத்வெல்லில் இவருக்கு முன்பு போதகராக இருந்தவரின் மகள் ஆக்னஸ். ஆகவே அந்த ஊர்ச் சபையின் உள்ளும் புறமும் அறிந்தவர். அவர் 1832இல் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, கெல்சோ ஊர்ப் போதகராக இருந்து மறைந்த லண்டியின் மனைவி மேரியை மறுமணம் செய்துகொண்டார். மகன்கள் இருவரும் போதகர்களானார்கள்.

ருத்வெல் பெரிய ஊரா? மக்கள் என்ன தொழில் பண்ணாங்க?

சின்ன ஊர், அதோடு ஏழை ஊர். நிலம் எல்லாம் பண்ணையார்கள் கையில். அதில் பெரும்பங்கு மேன்ஸ்ஃபீல்ட் பிரபுவுடையது. மற்றவர்கள் குத்தகைக்காரர்கள், பண்ணை வேலைக்காரர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், நெசவாளர்கள்.

கடற்கரையில் உப்புக் காய்ச்சுவதும் ஒரு பழைய தொழில். நம் பக்கத்து உப்பளம்போல வெயிலை நம்ப அங்கே வழியில்லை. கடல் ஏறி இறங்கிப் போன பிறகு மேலே உப்புப் பூத்த மணலைச் சுரண்டிச் சேர்த்து, அதில் தண்ணீர் ஊற்றி வடித்து, அந்த உப்பு நீரை நெருப்பில் காய்ச்சி எடுப்பார்கள். உழைப்பு அதிகம், வரும்படி குறைவு. இப்படிப்பட்டவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

பேங்க்ல வேலை பார்த்தவர்னு சொல்றாங்களே, அதை விட்டுட்டு ஏன் வந்தார்?

ஆமாம், 16 வயதில் லிவர்பூலில் ஹேவுட் வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணன் தம்பிகளும் அந்த நகரத்தில் வியாபாரத்தில் இருந்தார்கள். மூன்று ஆண்டுகளில் அது தனக்கு ஒத்துவராது என்று முடிவெடுத்து, ஸ்காட்லாந்துக்குத் திரும்பி இறையியல் படித்தார்.

படிப்பு முடிந்ததும் மேன்ஸ்ஃபீல்ட் பிரபு இரண்டு சபைகளைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டார். ஒன்று லாக்மேபன், ஓரளவு பெரிய ஊர். இன்னொன்று ருத்வெல். டங்கன் ருத்வெல்லை எடுத்துக்கொண்டார். பிரபு எதற்குப் போதகரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இங்கேயே உங்களுக்குக் கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள். 1843இல் எல்லாம் அதில்தான் வெடித்தது.

அவருக்குச் சம்பளம் யார் கொடுத்தது? காணிக்கைல இருந்தா?

இல்லை. ஸ்காட்லாந்துச் சபை அப்போது அரசு அங்கீகாரம் பெற்ற சபை. நிலத்தின் மேல் பழைய தசமபாகக் கடமை உண்டு, அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு. அதிலிருந்து நிலவுடைமையாளர்கள் போதகருக்கு ஆண்டுச் சம்பளம் தர வேண்டும். அதைத் தானிய விலையை வைத்துக் கணக்குப் போடுவார்கள். விளைச்சலும் விலையும் மாறினால் போதகர் வருமானமும் மாறும். கோவில், குருமனை, பள்ளிக்கூடம் மூன்றையும் கட்டிப் பராமரிப்பதும் நிலவுடைமையாளர்களின் பொறுப்பு.

இதோடு போதகருக்கென்று கொஞ்சம் நிலமும் உண்டு. டங்கன் அதைச் சும்மா விடவில்லை. வடிகால் வெட்டினார், மரம் வைத்தார், குருமனையைச் சுற்றித் தோட்டம் போட்டார். வேலை இல்லாமல் தவித்த ஆண்களைக் கூப்பிட்டு அந்த நிலத்தில் கூலி வேலை கொடுத்தார். பெண்களுக்கு வீட்டில் நூற்பதற்கு ஆளிச்செடி நார் கொடுத்தார். பஞ்ச காலத்தில் லிவர்பூலில் இருந்த சகோதரர்கள் மூலம் தானியம் வரவழைத்து, அடக்க விலைக்கே ஊராருக்குக் கொடுத்தார். இதெல்லாம் வங்கிக்கு முந்தைய கதை.

ஞாயிறு ஆராதனை எப்படி இருக்கும்? பாட்டு, ஆர்கன் எல்லாம் உண்டா?

ஆர்கன் கிடையாது. சங்கீதங்களைச் செய்யுளாக்கிப் பாடுவார்கள். ஒருவர் முன்னால் நின்று ராகம் எடுத்துக் கொடுப்பார், சபை பின்தொடரும். ஜெபத்தைப் புத்தகம் பார்த்து வாசிக்க மாட்டார்கள். பிரசங்கம்தான் ஆராதனையின் நடு. கிறிஸ்துமஸுக்குக்கூட தனி ஆராதனை வழக்கமில்லை. நம் ஆட்களுக்கு இதைச் சொன்னால் நம்ப முடியாமல் பார்ப்பார்கள்.

திருவிருந்து ஆண்டுக்கு ஓரிரு முறைதான். அதற்கு முன்பு மூப்பர்களும் போதகரும் யார் யார் வரலாம் என்று பார்த்து, ஈயத்தில் வார்த்த சின்ன வில்லை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அந்த வில்லையோடு வந்தால்தான் திருவிருந்து. நீள மேசையில் உட்கார்ந்து, அப்பத்தையும் கிண்ணத்தையும் பக்கத்தில் இருப்பவருக்குக் கைமாற்றிக் கொடுப்பார்கள்.

டங்கன் ஆரம்பத்தில் நல்லொழுக்கப் பிரசங்கங்களை நேர்த்தியாகச் செய்கிற போதகர். 1804 வாக்கில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சிலர் ருத்வெல்லுக்கு வந்தார்கள். அவர்களுடைய பேச்சு அவரை உள்ளுக்குள் அசைத்தது. அதற்குப் பிறகு அவருடைய பிரசங்கத்தில் சுவிசேஷத்தின் சூடு ஏறியது.

சபையே ஏழைகளுக்கு உதவுச்சுன்னா, தனியா பேங்க் எதுக்கு?

இதுதான் சரியான கேள்வி. ஸ்காட்லாந்தில் ஏழைகளைப் பார்த்துக்கொள்வது கிர்க் செஷனின் பொறுப்பு. கோவில் காணிக்கை, அபராதம், சிறு நன்கொடை இவற்றை வைத்து, யாருக்கு எவ்வளவு என்று போதகரும் மூப்பர்களும் முடிவெடுப்பார்கள். இங்கிலாந்தில் இதற்குக் கட்டாய வரி இருந்தது. ஸ்காட்லாந்துக் கிராமங்களில் பெரும்பாலும் இல்லை. ருத்வெல் போன்ற ஊரில் காணிக்கையே சொற்பம். விதவை, முதியவர், கை கால் விளங்காதவர் ஆகியோருக்கே அது காணாது. வேலைக்குப் போகிற ஒரு குடும்பத்தில் ஆள் படுத்துவிட்டால், அவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

டங்கன் வீடு வீடாகப் போகிறவர். நல்ல காலத்தில் கையில் வந்த சில்லறை தங்காமல் போவதையும், கெட்ட காலத்தில் அதே வீடு செஷன் முன்னால் கையேந்தி நிற்பதையும் பார்த்திருக்கிறார். அப்படி நிற்பது ஸ்காட்லாந்துக் கிராமத்தில் பெரிய அவமானம். ஊரே அறிந்த மூப்பர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். முதலில் அவர் ஊரில் இருந்த பரஸ்பர உதவிச் சங்கத்துக்கு உயிர் கொடுத்தார். அதில் சந்தா கட்டினால் நோய்க்கும் சாவுக்கும் உதவி கிடைக்கும். ஆனால் கட்டிய பணம் உங்களுடையது என்று எடுத்துக்கொள்ள முடியாது. தன் பெயரில், தான் வேண்டும்போது எடுக்கிற மாதிரி ஏழைக்கு ஓர் இடம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது அங்கேதான்.

அன்றைய சாதாரண வங்கியில் கணக்குத் திறக்க 10 பவுண்டு வேண்டும். பண்ணை வேலைக்காரர் அதற்கு எங்கே போவார்?

பேங்க் எப்படி நடந்துச்சு? சில்லறை போட்டா வட்டி கொடுத்தாங்களா?

கொடுத்தார்கள். 1810 மே மாதம், ஊரில் ஒரு சின்ன வீட்டில் தொடங்கியது. சங்கத்தின் கூட்டம் நடக்கிற அதே வீடு. மக்கள் ஷில்லிங் ஷில்லிங்காகக் கொண்டுவந்து கட்டுவார்கள். சேர்ந்த பணத்தை டம்ஃப்ரீஸில் இருந்த பிரிட்டிஷ் லினன் கம்பெனி என்ற வங்கியில் மொத்தமாகப் போடுவார் டங்கன். தனித்தனியாகப் போனால் வாசலில் நிறுத்துகிற வங்கி, மொத்தமாகப் போனதும் 5 சதவீதம் வட்டி கொடுத்தது. அதில் கொஞ்சம் நிர்வாகச் செலவுக்குப் போக, மீதி போட்டவர்களுக்கு.

பணப்பெட்டி இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஒரு பெட்டி, மூன்று பூட்டு. சாவிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையில். மூவரும் சேர்ந்து வந்தால்தான் மூடி திறக்கும். போதகராகவே இருந்தாலும் தனியாகத் திறக்க முடியாது. எங்கள் சுயஉதவிக் குழுப் பெண்களிடம் இதைச் சொன்னதும், தலைவி ஒரு சாவி, பொருளாளர் ஒரு சாவி என்று அவர்களே மேற்கொண்டு சொல்லிவிட்டார்கள்.

முதல் ஆண்டில் சேர்ந்தது 151 பவுண்டு. சில ஆண்டுகளுக்குள் அது பல மடங்கானது. அந்த ஊரின் நிலையை நினைத்தால் அது சாதாரணத் தொகை இல்லை.

உலகத்திலேயே முதல் சேமிப்பு வங்கி இதுதானா?

இப்படிச் சொல்லும்போது கவனம் வேண்டும். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1778லேயே ஒரு சேமிப்பு நிறுவனம் இருந்தது. லண்டனை அடுத்த டாட்டன்ஹாமில் பிரிசில்லா வேக்ஃபீல்ட் என்ற பெண்மணி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சேமிப்பு ஏற்பாட்டை நடத்தினார். ஸ்காட்லாந்திலேயே மேற்கு கால்டர் ஊர்ப் போதகர் ஒருவர் 1807இல் ஒன்றைத் தொடங்கியிருந்தார்.

பிறகு டங்கனுக்கு என்ன பெருமை? முந்தியவற்றில் பல, பணக்காரர்கள் தங்கள் கையிலிருந்து வட்டியோ பரிசோ கொடுத்து நடத்தியவை. கொடுப்பவர் கையை எடுத்தால் நின்றுபோகும். ருத்வெல்லில் பணம் தன் வட்டியிலேயே தன்னை நடத்திக்கொண்டது. எழுதப்பட்ட விதிகள் இருந்தன. வேறு எந்த ஊரும் அதை எடுத்து அப்படியே செய்ய முடிந்தது. தன்னைத் தானே தாங்கிய முதல் சேமிப்பு வங்கி என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அதை வெச்சு போதகர் சம்பாதிச்சிருப்பாரே?

இல்லை, இழந்தார். ஊர் ஊராகக் கடிதம் வரும்: எங்களுக்கும் தொடங்க வேண்டும், விதிகளை அனுப்புங்கள் என்று. அந்தக் காலத்தில் கடிதத்துக்குக் கூலி கட்டுவது பெறுபவர். ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்து வாங்கி, உட்கார்ந்து பதில் எழுதினார். பிரசுரங்களை அச்சிட்டார். ஸ்காட்லாந்தின் சேமிப்பு வங்கிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று லண்டனுக்குப் போய் நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்தார். 1819இல் அந்தச் சட்டம் வந்தது. எல்லாம் மேலே சொன்ன அந்த ஊர்ச் சம்பளத்திலிருந்து.

இந்த வங்கிகள் வளர்ந்து டி.எஸ்.பி. (டிரஸ்டி சேவிங்ஸ் பேங்க்) என்ற பெயரில் ஒன்றாகி, 1995இல் லாய்ட்ஸ் வங்கியுடன் இணைந்தன.

பத்திரிகையும் நடத்தினாராமே?

ஆம், 1809இல் டம்ஃப்ரீஸில் ஒரு வார இதழைத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆசிரியராகவும் இருந்தார். சேமிப்பு வங்கியைப் பற்றி ஊருக்கு வெளியே தெரியவைத்தது அதுதான். அடிமை முறையை எதிர்த்தும் எழுதியிருக்கிறார். நெப்போலியன் படையெடுப்பார் என்ற பயம் இருந்த நாட்களில் ஊர்த் தொண்டர் படைக்குத் தலைமை தாங்கியதும் உண்டு.

ருத்வெல் சிலுவைன்னு சொல்றீங்களே, சிலுவையை உடைச்சதே அந்தச் சபைதானாமே?

உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. 8ஆம் நூற்றாண்டில் செதுக்கிய கல் சிலுவை அது. 18 அடி உயரம். ஒரு முகத்தில் இயேசுவின் பாதத்தைத் தன் கூந்தலால் துடைக்கும் பெண். இன்னொரு பக்கம் மேலே ஏறிப் போகும் திராட்சைக் கொடி. அதன் பழங்களைக் கொத்தும் பறவைகளும் கடிக்கும் மிருகங்களும். ஓரங்களில் ரூன் என்ற பழைய எழுத்துகள். 1640இல் பொதுப் பேரவை இத்தகைய உருவங்கள் விக்கிரகம் என்று சட்டம் போட்டது. 1642இல் இதைத் தள்ளி உடைத்தார்கள். உடைந்த தூண் கோவிலுக்குள்ளேயே மண்தரையில் கிடந்தது; சபையார் அதன் மேல் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டிருக்கிறார்கள். பின்னால் அதையும் கல்லறைத் தோட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

டங்கன் வந்தபோது துண்டுகள் மழையில் கிடந்தன. அவற்றைக் குருமனைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு துண்டு, கல்லறைக்குக் குழி ஆழமாகத் தோண்டியபோது அகப்பட்டது. குறுக்குக் கை கிடைக்கவே இல்லை. புதிதாகச் செய்ய வைத்து, 1823இல் தோட்டத்தில் நிமிர்த்தினார். உச்சிக்கல்லை முன்பின்னாக வைத்துவிட்டார்கள் என்று அறிஞர்கள் பின்னால் சொன்னார்கள். இருக்கட்டும். அவர் எடுத்து நிறுத்தாமல் போயிருந்தால் திருத்திச் சொல்லவும் எதுவும் மிஞ்சியிருக்காது.

1840இல் ஜான் கெம்பிள் என்ற அறிஞர் அந்த ரூன் எழுத்துகளைச் சரியாகப் படித்தார். மிகப் பழைய ஆங்கிலக் கவிதை ஒன்றின் வரிகள் அவை. அதில் பேசுவது சிலுவை மரமே: அரசரை நான் தாங்கினேன், இரத்தத்தால் நனைந்தேன் என்று சொல்கிறது. 1887இல் சிலுவையைக் கோவிலுக்குள் கொண்டுவந்தார்கள். உயரம் கொள்ளாததால் தரையைப் பள்ளமாக்கி அதற்குள் நிறுத்தியிருக்கிறார்கள். உடைத்த சபையின் கோவிலுக்குள்ளேயே இப்போது அது நிற்கிறது.

டைனோசர் காலடியைக் கண்டுபிடிச்சதும் இவரா?

டைனோசர் இல்லை, அதற்கும் முந்தைய உயிர். லாக்மேபன் பக்கம் கார்ன்காக்கிள் மூர் என்ற சிவப்பு மணற்கல் குவாரியில் வேலை செய்தவர்கள் கண்ணில் கால் தடங்கள் பட்டன. டங்கன் அவற்றை ஆராய்ந்து 1828இல் எடின்பரோ ராயல் சொசைட்டிக்கு எழுதினார். புதைபடிவக் காலடித் தடங்களைப் பற்றிய முதல் அறிவியல் கட்டுரை அது. ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் பக்லண்ட் என்ற நிலவியல் அறிஞர் இதைக் கேள்விப்பட்டு, பிசைந்த மாவின் மேல் ஆமையை நடக்கவிட்டுத் தடத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். பாறையின் வயது 25 கோடி ஆண்டுக்கு மேல். அந்தத் தடத்தின் அறிவியல் பெயரிலும் டங்கன் இருக்கிறார்.

1843ல அப்படி என்ன நடந்துச்சு?

முன்னால் பிடித்து வைக்கச் சொன்ன கேள்விக்கு வருவோம். 1712இல் வந்த சட்டப்படி, ஒரு ஊர்ச் சபைக்குப் போதகரை முன்மொழியும் உரிமை அந்த ஊர் நிலப்பிரபுவுக்கோ அரசுக்கோ இருந்தது. சபைக்குப் பிடிக்காத ஆளையும் திணிக்கலாம். 1834இல் பொதுப் பேரவை, குடும்பத் தலைவர்களில் பெரும்பாலோர் மறுத்தால் அந்த ஆள் வேண்டாம் என்று விதி செய்தது. நீதிமன்றங்கள் அது செல்லாது என்றன. சபையின் ஆவிக்குரிய காரியத்தில் நீதிமன்றம் தலையிடலாமா என்பதுதான் அப்புறம் பத்தாண்டுச் சண்டை.

1843 மே 18 அன்று எடின்பரோவில் பேரவை கூடியதும், மாடரேட்டர் ஒரு கண்டனத்தை வாசித்து வைத்துவிட்டு எழுந்து வெளியே நடந்தார். பின்னாலேயே வரிசையாக மற்றவர்களும் நடந்தார்கள். சுமார் 1,200 போதகர்களில் 470க்கு மேற்பட்டோர் சபையின் சம்பளத்தையும் குருமனையையும் விட்டு சுதந்திரச் சபையை உருவாக்கினார்கள். டங்கன் அவர்களில் ஒருவர். வயது 68. தன்னை முன்மொழிந்ததும் ஒரு பிரபுதான், தனக்கு அதனால் நஷ்டமும் இல்லை. அப்படியிருந்தும் போனார்.

அவர் விட்டுப் போனது என்னென்ன என்று யோசியுங்கள். 44 ஆண்டுகள் உழுது, மரம் வைத்து வளர்த்த நிலம். நட்டு நிறுத்திய சிலுவை. பிள்ளைகள் பிறந்த வீடு. எல்லாம் அடுத்து வரும் போதகருக்கு. அவர் சாலையோரச் சின்ன வீட்டுக்குப் போனார்.

சபை ஜனங்களும் கூடப் போனாங்களா?

பலர் போனார்கள். மவுண்ட் கேதார் என்ற இடத்தில் கோவிலும் குருமனையும் பள்ளியும் எழுந்தன. சம்பளத்துக்குச் சுதந்திரச் சபையின் தலைவர்களில் ஒருவரான தாமஸ் சால்மர்ஸ் ஒரு வழி வைத்திருந்தார்: நாடு முழுக்க எல்லாச் சபைகளின் காணிக்கையும் ஒரே நிதிக்குப் போய், அங்கிருந்து போதகர்களுக்குச் சமமாகப் பங்கிடப்படும். பணக்கார நகரச் சபையின் காசில்தான் ஏழைக் கிராமத்துப் போதகர் சாப்பிட்டார். தசமபாகத்தையே நம்பியிருந்த மக்கள் வாராவாரம் பென்னி பென்னியாகக் கொடுக்கப் பழகினார்கள். சேமிக்கப் பழகிய ஊருக்கு அது அவ்வளவு அந்நியமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

டங்கன் கடைசிவரை வேலை செய்தார். 1846 பிப்ரவரியில் ஒரு வீட்டுக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கியது. 12ஆம் தேதி இறந்தார்.

நம்ம ஊருக்கும் இவருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை, அவர் இந்தியாவுக்கு வரவில்லை. ஆனால் அவருடைய சபை வந்தது. டம்ஃப்ரீஸுக்கு மேற்கே கேலோவேயில் பிறந்த ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் பின்னால் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. 1843 செய்தி கப்பலில் வந்து சேர்ந்ததும் ஆண்டர்சனும் உடன் ஊழியர்களும் சுதந்திரச் சபையின் பக்கம் நின்றார்கள். செங்கல்பட்டு வட்டாரத்துக் கிராமங்களில் ஊழியம் செய்ததும் இதே சபை. அந்தப் பிரஸ்பிட்டேரியன் மரபு 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்து, அது 1947இல் சி.எஸ்.ஐ.யில் கலந்தது.

சேமிப்பின் வழியும் வந்தது. பிரிட்டனில் 1861இல் அஞ்சலகச் சேமிப்பு தொடங்கியது, இந்தியாவில் 1882இல். சில்லறையாகப் போட்டு வட்டி வாங்கலாம் என்பதை இன்று யாரும் ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை.

ஏழைங்களைச் சேமிக்கச் சொல்றது, வறுமைக்கு அவங்களே காரணம்னு சொல்ற மாதிரி இல்லையா?

சுயஉதவிக் குழுவில் ஒரு அக்கா கேட்டது இது. நியாயமான கேள்வி. டங்கனின் விதிகளில் அந்த வாடை இருக்கிறது. கணக்குத் திறக்க வருகிறவரின் வயது, குடும்ப நிலை, நடத்தை எல்லாவற்றையும் விசாரித்தார்கள். ஆண்டில் குறைந்தபட்சத் தொகை போடாவிட்டால் அபராதமும் உண்டு. கட்டாய ஏழை வரி வந்துவிடக் கூடாது என்பதும் அவருடைய நோக்கங்களில் ஒன்று. இந்த இடத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. கூலியே போதாதபோது சிக்கனத்தைப் போதிப்பது பாதி உதவிதான். நிலம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை அவர் வங்கி தொடவில்லை.

ஆனால் போதித்துவிட்டு வீட்டுக்குப் போனவர் இல்லை அவர். வேலையும் தானியமும் கொடுத்ததை மேலே சொன்னேன். 10 பவுண்டு இல்லாதவரை வாசலில் நிறுத்திய அமைப்பைத்தான் அவர் குறையாகப் பார்த்தார், கதவைத் திறந்துவிட்டார். அந்த ஷில்லிங் அந்த வேலைக்காரப் பெண்ணின் பெயரிலேயே இருந்தது என்பதை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாம் சரி, கடைசியில சபையைப் பிளந்தவங்கதானே? அது தப்பில்லையா?

எங்கள் பக்கத்தில் சபைச் சண்டை, வழக்கு, பிரிவு என்று பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் இப்படிக் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. 1843 பிரிவு காயம் ஏற்படுத்தாமல் இல்லை. ஒரே கிராமத்தில் இரண்டு கோவில், இரண்டு பள்ளி, பேச்சுவார்த்தை முறிந்த குடும்பங்கள்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். நாம் பார்க்கிற பெரும்பாலான சண்டைகளில் கட்டடத்தையும் கணக்கையும் யார் வைத்துக்கொள்வது என்பதுதான் வழக்கு. இவர்கள் கட்டடத்தையும் கணக்கையும் விட்டுவிட்டுப் போனார்கள். ஊர்ச் சபை தன் போதகரைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். அந்தப் பிரபுக்கள் உரிமை 1874இல் சட்டப்படியே நீக்கப்பட்டது. 1929இல் பிரிந்தவர்களில் பெரும்பகுதியும் தாய்ச் சபையும் மறுபடி ஒன்றானார்கள். தவறு 1843இல் வெளியே நடந்தவர்களிடம் இல்லை, அவர்களை வெளியே நடக்க வைத்த சட்டத்திடம் என்றே நான் பதில் சொல்லி வருகிறேன்.